வழுவைத் தேடும் இரு வழிகள்: நிரல்மொழிகளும் பிழைகாண் கருவிகளின் வரலாறும்

தமிழ் இலக்கணம் சொல்லாட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுத்துப் பார்க்கிறது. வழுவினை நன்னூல் ஏழாக எண்ணுகிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. கணினித் தமிழ் வளரத் தொடங்கியபோது, நிரலில் நேரும் பிழையைக் குறிக்க ‘வழு’ என்னும் இப்பழஞ்சொல்லே கைகொடுத்தது. அப்பிழையைக் கண்டறிய உதவும் மென்பொருள் ‘வழுநீக்கி’ எனப் பெயர் பெற்றது.

இப்பெயரில் ஒரு சிறு மயக்கம் உண்டு. வழுநீக்கி தானாக எதையும் நீக்குவதில்லை. நிரல் எவ்விடத்தில், எந்நிலையில் தவறியது என்பதைக் காண அது விளக்குப் பிடிக்கிறது. நீக்குபவர் நிரலை எழுதியவரே. ஆகவே, ஒரு வழுநீக்கி எதன்மீது ஒளி பாய்ச்ச வேண்டும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு இரு மொழிக் குடும்பங்கள் இரு வேறு விடைகளைத் தந்துள்ளன. ஒரு குடும்பம் வழுவைக் காலத்தில் நிகழும் ஒரு நிகழ்ச்சியாகக் கண்டது. மற்றொன்று அதனைப் பொய்யான ஒரு கூற்றாகக் கண்டது. இவ்விரு பார்வைகளும் எவ்வாறு பிரிந்தன, பின்னர் எவ்வாறு ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பதே இப்பொழிவின் பொருள்.

இரு குடும்பங்கள்

ஃபோர்டிரான், பாஸ்கல், சி போன்றவை கட்டளை மொழிகள். ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று அவை கணினிக்கு ஏவல் இடுகின்றன. மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்ட வேண்டுமெனில், ‘மொத்தம்’ என்னும் மாறியில் முதலில் சுழியத்தை இடுவோம். ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்து அதனோடு சேர்ப்போம். ‘மொத்தம்’ என்னும் ஒரே பெயர் ஒவ்வொரு கணத்திலும் வெவ்வேறு மதிப்பைத் தாங்கி நிற்கும்.

மிராண்டா, ஹாஸ்கல் போன்றவை சார்பு மொழிகள். அவை கணிதத்தைப் போல வரையறை கூறுகின்றன: ‘வெற்றுப் பட்டியலின் கூட்டுத்தொகை சுழியம், மற்ற பட்டியலின் கூட்டுத்தொகை, அதன் முதல் எண்ணோடு எஞ்சியவற்றின் கூட்டுத்தொகையைச் சேர்த்தது.’ இங்கே எந்தப் பெயரும் தன் மதிப்பை மாற்றிக்கொள்வதில்லை. முன், பின் என்னும் சொற்களுக்கும் இடமில்லை. கட்டளை மொழியின் நிரல் வினைமுற்றுகளால் ஆனது என்றால், சார்பு மொழியின் நிரல் பெயர்ப்பயனிலைகளால் ஆனது எனலாம். இவ்வேறுபாடே பிழைகாண் கருவிகளின் வரலாற்றை இரண்டாகக் கிளைக்கச் செய்தது.

பூச்சியும் தாள்நாடாவும்

இயந்திரக் குறைபாட்டைப் பூச்சி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் சுட்டும் வழக்கம் கணினிக்கு முந்தியது. தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றிலேயே அச்சொல் இப்பொருளில் வருகிறது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருப்பதைப் பணியாளர்கள் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி ஒன்று கிடைத்த முதல் நேர்வு இது என்று வேடிக்கையாகக் குறித்தனர். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் இக்கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பினார். அப்பதிவேடு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. சொல் ஏற்கனவே வழக்கில் இருந்ததனால்தான் அக்குறிப்பு நகைச்சுவையாயிற்று என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும், பிழைகாண் கலையின் உண்மையான தொடக்கத்தைக் கேம்பிரிட்ஜில் தேடுவதே பொருந்தும். எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் தன் முதல் நிரலை இயக்கியது. அதனை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் அடுத்த மாதமே, ஏரியின் வகையீட்டுச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணும் நிரல் ஒன்றை எழுத முற்பட்டார். கணினி அறைக்கும் நாடாவில் துளையிடும் கருவிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தபோது, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தாம் எழுதிய நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியும் என்ற உண்மை தம்மை முழு வலிமையோடு தாக்கியதாக அவர் தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். அந்நிரலின் தாள்நாடா ஒன்று பிற்காலத்தில் கிடைத்தது. வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கேம்பெல்-கெல்லி அதனை ஆராய்ந்து, 126 வரிகள் கொண்ட நிரலில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தன எனக் கண்டார். கணினியை வடித்தவரே எழுதிய சிறு நிரலில் ஆறு வரிக்கு ஒரு பிழை வீதம் இருந்தது.

இதன் விளைவாகப் பிழைதேடல் ஓர் ஆய்வுப் பொருளாயிற்று. எட்சாக் குழுவைச் சேர்ந்த ஸ்டான்லி கில், நிரல்களில் உள்ள தவறுகளைக் கண்டறிவது பற்றி 1951ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் இரு முறைகள் வழங்கின. நிரல் நின்ற பிறகு நினைவகத்தில் எஞ்சியிருப்பதை அச்சிட்டுப் பார்ப்பது ஒரு முறை. பிணக்கூறாய்வை ஒத்தது அது. கணினியை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, நினைவகத்தைக் காட்டும் திரையை எட்டிப் பார்ப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறை, பலர் காத்திருக்கும் ஒரே கணினியின் பொன்னான நேரத்தை விழுங்கியது. எனவே கில், நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தானே இயக்கி, நடந்ததை அச்சிட்டுத் தரும் துணைநிரலை அமைத்தார். பின்னால் வந்த தடங்காண் கருவிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

கடிகாரத்தை நிறுத்தும் கருவிகள்

அடுத்த பெரும் மாற்றம் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் நிகழ்ந்தது. அங்கிருந்த டிஎக்ஸ்-0 கணினியில் ஒருவர் தனியே அமர்ந்து, தட்டச்சுக் கருவி வழியே கணினியோடு நேரடியாக உரையாட முடிந்தது. அக்கணினிக்கு எழுதப்பட்ட பிழைகாண் நிரலுக்கு ஃபிளிட் என்று பெயரிட்டனர். அப்பெயரில் பூச்சிமருந்து ஒன்று கடைகளில் விற்பனையாகி வந்தது. 1961ஆம் ஆண்டில் ஆலன் கோட்டோக் பிடிபி-1 கணினிக்கு எழுதிய அதன் வழித்தோன்றலுக்கு டிடிடி என்று பெயர் வந்தது. அதுவும் பூச்சிக்கொல்லியின் பெயரே.

இக்கருவிகளின் வழியே நிலைபெற்ற உத்திதான் நிறுத்தப்புள்ளி. நிரலின் ஓரிடத்தில் குறி வைத்தால், இயக்கம் அவ்விடம் வந்ததும் நிற்கும். நின்ற நிலையில் மாறிகளின் மதிப்பைப் பார்க்கலாம், மாற்றலாம், ஒவ்வோர் அடியாக முன்னே செல்லலாம். எழுபதுகளில் யூனிக்ஸில் வந்த ஏடிபி, எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்க்லியில் மார்க் லின்டன் எழுதிய டிபிஎக்ஸ், 1986ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி ஆகியவை இந்த உத்தியையே செப்பம் செய்தன. இன்று மாணவர்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புச் சூழல்களில் ஓரத்தில் தெரியும் சிவப்புப் புள்ளியும் அதன் வழிவந்ததே.

இக்கருவிகள் மூன்று வினாக்களுக்கு விடை கூறுகின்றன: இப்போது எந்த வரியில் நிற்கிறோம்? இக்கணத்தில் மாறிகளின் மதிப்பு என்ன? எந்தெந்த அழைப்பின் வழியே இங்கு வந்தோம்? மூன்று வினாக்களிலும் காலம் ஒளிந்திருக்கிறது. கட்டளை மொழியின் வழு பெரும்பாலும் காலவழுவே. சரியான செயல் தவறான வேளையில் நடந்திருக்கும். ஒரு மாறி மாறக்கூடாத நேரத்தில் மாறியிருக்கும். எனவே கடிகாரத்தை நிறுத்திப் பார்ப்பது இயல்பான மருத்துவமாயிற்று.

லிஸ்ப் என்னும் நடுநிலம்

சார்பு மொழிகளின் மூதாதையான லிஸ்ப், 1958ஆம் ஆண்டு எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தியின் சிந்தனையில் உருவானது. அவர் கணிதக் குறியீடாக எழுதிக்காட்டிய மதிப்பிடும் சார்பினை ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704 கணினியின் மொழியில் எழுதி இயக்கினார். ஒரு கோவையை எழுது, உடனே அதன் மதிப்பைப் பார் என்னும் உரையாடல் முறை லிஸ்ப் உலகில் வேரூன்றியது. வாரன் டைட்டல்மன் 1966ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டுக்காகச் செய்த பணியும், பின்னர் இன்டர்லிஸ்ப் சூழலில் அவர் சேர்த்த வசதிகளும் குறிப்பிடத்தக்கவை. பிழை நேர்ந்த இடத்தில் இயக்கம் நின்று பயனரிடம் வினவும்; எழுத்துப் பிழையுள்ள பெயரைத் தானே திருத்த முனையும்; செய்ததைத் திரும்பப் பெறவும் இடம் தரும்.

இதிலிருந்து, சார்பு மொழிகளுக்கு நல்ல கருவிகள் தொடக்கத்திலேயே இருந்தன என்று முடிவு கட்டிவிடலாகாது. லிஸ்ப் முழுமையான சார்பு மொழி அன்று. அதில் மாறிகளை மாற்றலாம். கட்டளைகளை வரிசையாக எழுதலாம். எந்த வேலை எப்போது நடக்கும் என்பதும் தெளிவு. அதாவது, லிஸ்பிலும் காலம் இருந்தது. காலத்தை நிறுத்திப் பார்க்கும் கருவி அங்கும் பொருந்தியது.

காலம் மறைந்த மொழிகள்

ஃபோர்டிரான் மொழியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் பேக்கஸ், 1977ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில், தாமே வழிகாட்டிய கட்டளைப் பாணியைக் கடுமையாக விமர்சித்துச் சார்பு முறையைப் பரிந்துரைத்தார். அவ்வுரை பல ஆய்வாளர்களுக்கு ஊக்கம் தந்தது. டேவிட் டர்னரின் மிராண்டா 1985இல் வந்தது. சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒன்றுசேர்க்க 1987இல் ஒரு குழு அமைந்தது. அதன் பயனாக ஹாஸ்கல் மொழியின் முதல் அறிக்கை 1990இல் வெளியாயிற்று.

இம்மொழிகள் மாறிகளை மாற்றுவதைக் கைவிட்டதோடு நிற்கவில்லை. தேவைப்படும்போது மட்டுமே மதிப்பிடுதல் என்னும் கொள்கையையும் ஏற்றன. இதனை ஆய்வாளர்கள் ‘சோம்பல் மதிப்பீடு’ என்று அழைக்கின்றனர். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எண்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை எடுத்து, 10ஐ ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் புதிய பட்டியல் ஆக்குகிறோம். எண்களில் ஒன்று சுழியம். கட்டளை மொழியில், சுழியத்தால் வகுக்கும் அந்த வரியிலேயே நிரல் முறியும். சோம்பல் மொழியில் புதிய பட்டியல் ஆரவாரமின்றி உருவாகிவிடும். அதில் இருப்பவை மதிப்புகள் அல்ல, ‘கேட்டால் கணித்துத் தருகிறேன்’ என்னும் வாக்குறுதிகள். அதன் நீளத்தைக் கேட்டால் சரியான விடையும் கிடைக்கும். வேறெங்கோ, நெடுநேரம் கழித்து, அப்பட்டியலை அச்சிட முனையும்போதுதான் வாக்குறுதி பொய்க்கும். நிரல் அங்கே முறியும். குற்றம் நடந்த இடம் ஒன்று. பிடிபட்ட இடம் மற்றொன்று.

இந்நிலையில் பழைய மூன்று வினாக்களும் பயனற்றுப் போகின்றன. ‘எந்த வரி’ என்று கேட்டால், மதிப்பை வேண்டிய வரி தெரியும். வழுவை உடைய வரி தெரியாது. மாறியின் மதிப்பைக் கேட்டால், அது இன்னும் கணிக்கப்படவில்லை என்பதே விடை. அழைப்பு அடுக்கைப் பார்த்தால், யார் எழுதிய அழைப்பு என்பதைவிட யார் வேண்டினார் என்பதே அதில் காணப்படும். இடையிடையே அச்சிட்டுப் பார்க்கும் எளிய உத்தியும் கைகொடுக்கவில்லை. தூய சார்பு எதையும் அச்சிடலாகாது. அதற்கென விலக்கு அளிக்கும் தனிச் சார்பினைப் பயன்படுத்தினாலும், செய்திகள் நிரலில் எழுதிய வரிசையில் வாரா. மதிப்பு வேண்டப்பட்ட வரிசையில் வரும்.

அப்படியானால் சார்பு மொழிகளின் வாக்குறுதி என்னாயிற்று? பக்கவிளைவு இல்லை, வகைச் சோதனை கடுமையாக உண்டு, ஆகவே பிழை அரிது என்று அவற்றின் ஆதரவாளர் பலர் கூறினர். அக்கூற்றில் உண்மை உண்டு. காலவழுக்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து எழுதினால் எந்த வகைச் சோதனையும் அதைத் தடுக்காது. ஹாஸ்கல் உருவாக்கத்தில் பங்குகொண்ட ஃபிலிப் வாட்லர், சார்பு மொழிகளை மக்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஆராய்ந்து 1998இல் எழுதிய கட்டுரையில், பிழைகாண் கருவிகளின் குறையையும் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அம்மொழிகளின் எதிர்காலமே இக்குறையைப் போக்குவதோடு பிணைந்திருந்தது.

வினவி அறியும் முறை

தீர்வுக்கான விதை வேறொரு வயலில் முளைத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் எஹுட் ஷாப்பிரோ, புரோலாக் என்னும் தருக்க மொழியைக் கொண்டு 1982இல் முடித்த ஆய்வேட்டில் ஒரு புதிய முறையை முன்வைத்தார். நிரல் எப்படி ஓடியது என்று காட்டுவதை விட்டு, அது என்னென்ன கூற்றுகளை மெய்யென்று கொண்டது என்பதை மரமாக அடுக்கி, ஒவ்வொன்றும் சரியா என்று மனிதரிடம் கேட்பதே அம்முறை.

எடுத்துக்காட்டாக, 60, 70, 80 என்னும் மதிப்பெண்களின் சராசரி 105 என்று நிரல் கூறுகிறது எனக் கொள்வோம். கருவி வினவும்: ‘கூட்டுத்தொகை 210. சரியா?’ சரி. ‘எண்ணிக்கை 2. சரியா?’ தவறு. தவறான கிளைக்குள் கருவி இறங்கும். ‘70, 80 ஆகியவற்றின் எண்ணிக்கை 1. சரியா?’ தவறு. ‘80 மட்டும் உள்ள பட்டியலின் எண்ணிக்கை 0. சரியா?’ தவறு. இதற்குக் கீழே வேறு கிளை இல்லை. ஆகவே, ஓர் உறுப்பு மட்டுமே உள்ள பட்டியலின் எண்ணிக்கையைச் சுழியம் என்று வரையறுத்த சமன்பாடே குற்றவாளி. இவ்விசாரணையில் எது முன் நடந்தது, எது பின் நடந்தது என்ற பேச்சே எழவில்லை. கூற்றுகளின் மெய்யும் பொய்யுமே ஆராயப்பட்டன.

இம்முறை சோம்பல் மொழிகளுக்குப் பொருந்தும் என்பதை உணர்ந்து, சுவீடனின் லின்ஷேப்பிங் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் நில்சன் ஃப்ரேயா என்னும் கருவியை உருவாக்கினார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் காலின் ரன்சிமனும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழியில் சென்றனர். தவறான விளைவைக் கையில் எடுத்து, அது எதிலிருந்து வந்தது, அதற்குமுன் எதிலிருந்து வந்தது என்று பின்னோக்கித் தடம் பற்றும் முறை அவர்களுடையது. ஹாட் என்னும் கருவி அதன் கனி. ஆண்டி கில் 2000ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஹுட், நிரலின் நடுவே ஓடும் தரவினை, அதன் சோம்பலைக் கலைக்காமல் கவனித்து, எவ்வளவு பகுதி உண்மையில் பயன்பட்டதோ அதை மட்டும் காட்டியது.

இக்கருவிகளுக்கும் விலை உண்டு. தடங்களைச் சேமிக்க மிகுந்த இடம் வேண்டும். வினவும் முறையில், விடை கூறுபவருக்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். மூன்று எண்களின் சராசரிக்கு இது எளிது; பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட தரவுக்கு எளிதன்று. மேலும், மொழி வளரும் வேகத்தோடு ஆய்வுக் கருவிகள் ஈடுகொடுத்து ஓட வேண்டியிருந்தது. இறுதியில் 2007ஆம் ஆண்டு, ஹாஸ்கலின் முதன்மை நிரல்பெயர்ப்பியான ஜிஎச்சியின் உரையாடல் சூழலில், அதனோடு இணைந்தே வரும் எளிய வழுநீக்கி சேர்க்கப்பட்டது. அது நிறுத்தப்புள்ளியையே பயன்படுத்தியது. ஆனால் கணிக்கப்படாத மதிப்பைக் கணிக்கப்படாததாகவே காட்டியது. பயனர் வேண்டினால் மட்டுமே கணித்தது. டிடிடியின் பேரப்பிள்ளை சோம்பல் மொழியின் வீட்டில் குடிபுகுந்தது.

இதற்கிடையே, 2000ஆம் ஆண்டில் கோன் கிளேசனும் ஜான் ஹியூஸும் குவிக்செக் என்னும் கருவியை வெளியிட்டனர். நிரலுக்கு இருக்க வேண்டிய பண்பைக் கூற்றாக எழுதினால், கருவி தற்போக்கான உள்ளீடுகளை உருவாக்கி அக்கூற்றைச் சோதிக்கும். ‘சராசரி, பட்டியலின் மிகப் பெரிய எண்ணை விஞ்சாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்; மேற்கண்ட வழு ஓரிரு சோதனைகளிலேயே அகப்பட்டிருக்கும். இன்று பல கட்டளை மொழிகளிலும் இம்முறை பரவியுள்ளது.

பின்னோக்கி நடத்தல்

கொடுக்கல் வாங்கல் மறுதிசையிலும் நடந்தது. நிரலின் முழு வரலாற்றையும் நாடாவில் பதிந்து, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தை ராபர்ட் பால்சர் 1969இலேயே எக்ஸ்டாம்ஸ் என்னும் அமைப்பில் முன்வைத்திருந்தார். கட்டளை மொழியில் இது செலவு மிக்கது. ஒரு மாறியில் புதிய மதிப்பு எழுதப்பட்டதும் பழையது அழிந்துவிடுகிறது. பின்னே செல்ல வேண்டுமானால் அழிந்தவற்றையெல்லாம் எங்காவது காத்து வைக்க வேண்டும். சார்பு நடையில் எழுதிய நிரலில் பழைய மதிப்பு அழிவதே இல்லை. இதனைப் பயன்படுத்தி, பிரின்ஸ்டனில் ஆண்ட்ரூ டோல்மக்கும் ஆண்ட்ரூ ஆப்பெல்லும் 1990இல் ஸ்டாண்டர்ட் எம்எல் மொழிக்குப் பின்னோக்கியும் செல்லும் வழுநீக்கியைக் காட்டினர். ஓகேமல் மொழியின் வழுநீக்கியும் பின்னோக்கி நடக்க வல்லது. ஜிடிபி இவ்வாற்றலை 2009இல் வெளிவந்த 7.0 பதிப்பில் பெற்றது. இயக்கத்தை ஒருமுறை பதிவு செய்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் ஆர்ஆர் என்னும் கருவி மொசில்லாவில் உருவாயிற்று.

ஆசிரியர்கள் கருத்துக்கு

இவ்வரலாறு வகுப்பறைக்கு நேரடியாகப் பயன்படும். நிரல் தவறியதும் நம் மாணவர் பலர் அங்கொன்றும் இங்கொன்றுமாக எதையாவது மாற்றி, மறுபடியும் ஓட்டிப் பார்க்கின்றனர். சில வேளைகளில் நிரல் சரியாகிவிடுகிறது. ஏன் சரியாயிற்று என்பது தெரிவதில்லை. காரணம் அறியாமல் மறைந்த வழு, காரணம் அறியாமலே திரும்பி வரும்.

அவர்களுக்கு இரு வினாக்களைப் பழக்கலாம். முதல் வினா கட்டளை மரபு தந்தது: ‘இக்கணத்தில் நிலைமை என்ன, நான் எதிர்பார்த்தது என்ன?’ இரண்டாவது சார்பு மரபு தந்தது: ‘இந்நிரல் கூறும் எந்தக் கூற்று பொய்?’ முதலாவதற்கு நிறுத்தப்புள்ளி உதவும். இரண்டாவதற்குத் தாளும் எழுதுகோலும் போதும். பெரிய விடை பொய்யென்றால், அது எந்தச் சிறு விடைகளால் ஆனது என்று எழுதி, ஒவ்வொன்றையும் சரி, தவறு எனக் குறித்துக்கொண்டே இறங்குவதற்கு எந்த மொழியும் தடையில்லை. பைத்தான் கற்கும் மாணவரும் ஷாப்பிரோவின் முறையைக் கையாளலாம்.

இரு முறைகளிலும் ஒரு தேவை பொதுவானது. சரியான விடை எதுவென்று கேட்கும்போது, மனிதர் அதனை அறிந்திருக்க வேண்டும். எட்சாக்கின் நாடாவிலிருந்து இன்றைய கருவிகள் வரை எதுவும் இப்பொறுப்பை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. 60, 70, 80 ஆகியவற்றின் சராசரி 105 ஆகாது என்று திரையைக் கண்டதும் ஐயுறும் மாணவனுக்குத்தான் வழுநீக்கி துணை நிற்கும். அவ்வையுறவை வளர்ப்பது ஆசிரியர் பணி.